மாதாவின் போர்வைக்கு ஓரம்

என் மகள் மூன்று வயதில் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் கோயில் மாதாவுக்கு வெள்ளைப் போர்வை தைத்துப் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். பிழைத்துவிட்டாள். எழும்பி உட்கார்ந்து சோறு கேட்ட அன்றே, பெட்டிக்குள் கிடந்த மெல்லிய மல் துணியை எடுத்து வெளியே வைத்தேன். வாக்குக் கொடுத்துவிட்டு ஆறப்போடுவது என் குணம் இல்லை.

ஆனால் என்னிடம் இருந்தது கையால் சுற்றும் தையல் மெஷின். வலது கை கைப்பிடியைச் சுற்றினால், துணியைப் பிடிக்க மிஞ்சுவது இடது கை ஒன்றுதான். நேராகத் தைக்க அது போதும். மாதாவுக்கு நேர் ஓரம் போட எனக்கு மனம் வரவில்லை. பிறை பிறையாக வளைந்து போகும் ஓரம் வேண்டும் என்று நின்றேன். காசை வைத்துப் பென்சிலால் வளைவு வரைந்து, அந்தக் கோட்டின்மேல் இரண்டு மடிப்பாகத் தைத்து, மிஞ்சியதை வெட்டி, உட்புறம் வெளியே வரத் திருப்பி, கடைசியாக ஓரத்தை ஒட்டி இன்னொரு தையல் போடவேண்டும். கண்ணுக்குத் தெரிவது அந்தக் கடைசித் தையல். கோணுவதும் அதுதான்.

பழந்துணியில் பழகிப் பார்த்தேன். துணி சுருங்கியது, நூல் அடியில் சிக்குப்பட்டது. நூலை இறுக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன், சிக்கு நின்றது. துணிக்கு அடியில் பேப்பர் வைத்துத் தைத்தேன், சுருக்கம் போனது, ஆனால் அச்சு மை வெள்ளையில் ஒட்டிக்கொண்டது. பிறகு மகளுக்கு ஆஸ்பத்திரியில் மருந்துத்தூள் மடித்துக் கொடுத்த வெள்ளைக் கடதாசிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துத் தைத்து, முடிந்ததும் கிழித்தெடுத்தேன். எல்லாம் சரிவந்தது, கடைசித் தையலின் வளைவு மட்டும் வரவில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். நேர் ஓரம் போட்டால் வாங்கமாட்டாயா என்று மாதாவிடமே கேட்டுவிட்டு மெஷினை மூடினேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. அவள் புருஷன் வாவியில் வலை போடுகிறவர். அவளுடைய மகனுக்கும் என் மகளின் வயதுதான். இரண்டும் எங்கள் முற்றத்தில்தான் புழுதி அளையும்.

"என்னகா, மெஷினோட சண்டையா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ஒரு கை காணாது அக்கா."

"அப்ப நான் சுத்துறன். நீ ரெண்டு கையாலயும் புடி."

அப்படித்தான் அந்த ஓரம் வந்தது. வளைவில் அவள் மெதுவாகச் சுற்றுவாள். பிறையும் பிறையும் சேரும் இடத்தில், ஊசி துணிக்குள் இறங்கி நிற்கும்படி கையை நிறுத்துவாள். துணியை அழுத்தும் மெஷின் பாதத்தைத் தூக்கி நான் துணியைத் திருப்புவேன். முதலில் நில் என்று சொல்லவேண்டியிருந்தது. பிறகு என் தோள் அசைவதைப் பார்த்தே நிறுத்தப் பழகிவிட்டாள். முடித்து விரித்துப் பார்த்தபோது, "மாதா கேட்டா பாதி என்ட வேலை எண்டு சொல்லு புள்ள," என்றாள்.

போர்வையைத் திருநாளுக்கென்று மடித்து வைத்தேன். திருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவளுடைய மகனுக்குக் காய்ச்சல் வந்தது. அவன் எழும்பவில்லை.

சின்னப்பிள்ளைகளைப் பரலோகத்துச் சம்மனசு போல வெள்ளை உடுத்தித்தான் எங்களில் அடக்கம் செய்வது. அது உலகச் சண்டை நடந்த காலம். துணிக்குக் கூப்பன், கூப்பன் இருந்தாலும் கடையில் வெள்ளை இல்லை. "என்ட புள்ளைய கலர்ச் சட்டையோட எப்பிடி அனுப்புற?" என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

நான் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். என் கணவர் பின்னால் வந்து நின்றார்.

"நேர்ந்த பொருள். தொடாத. நமக்கும் ஒரு புள்ள இருக்கு."

பயந்தேன். என் பிள்ளையின் உயிருக்குச் சொன்ன வாக்கு அந்தத் துணியில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தால் அந்த உயிர் என்னவாகும்?

"மாதாவும் புள்ளயப் பறிகுடுத்தவதான். அவவுக்கு விளங்கும்," என்றேன். "விளங்காட்டி நான் பேசிக்கொள்ளுறன்."

அக்காவின் மகனுக்கு அந்தப் போர்வை கழுத்திலிருந்து கால்வரை சரியாக இருந்தது. அவள் ஒரு விரலால் ஓரத்தை வளைவு வளைவாகத் தடவிக்கொண்டே போனாள்.

அதன்பிறகு என் மகளின் நெற்றியில் கை வைக்காமல் நான் ஒரு வேலையும் செய்ததில்லை. கொஞ்சம் சூடாக இருந்தாலும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பேன். திருநாள் நெருங்க, காத்தான்குடிப் புடவை வியாபாரி ஒருவர் கைத்தறி வெள்ளைத் துண்டு ஒன்று கொண்டுவந்தார். முரட்டுத் துணி. வாங்கி வெட்டி வளைவெல்லாம் தைத்துத் திருப்பிவிட்டேன். கடைசித் தையலுக்கு வந்து நின்றேன்.

அக்காவைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. என் பிள்ளை பிழைத்ததற்கு நீ வந்து சுற்று என்று எப்படிச் சொல்வது? ஒரு கையால் தைத்தேன். தையல் ஓரத்தை விட்டு விலகியது, திரும்பி வந்தது, வெளியே ஓடியது. நிறுத்தி நிறுத்திச் சுற்றும் சத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிறதே என்று வேறு கூச்சமாக இருந்தது. பாதி ஓரம் போவதற்குள் அழுதுவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அவள் நிற்கிறாள். தலை வாரவில்லை. வந்து துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"கோணிக் கிடக்கு."

"ஓம் அக்கா."

"தள்ளி இரு. புடி."

உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். சுற்றுவதற்கு ஒரு கை போதும். மற்றக் கை மடியில் கிடந்தது. என் மகள் வந்து அந்த மடியில் ஏறினாள். நான் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அக்கா இறக்கிவிடவில்லை. பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் சுற்றினாள். வளைவில் மெதுவாக, சேரும் இடத்தில் ஊசியை இறக்கி.

முடிந்ததும், "கோணின பாதியப் பிரிச்சுத் தைப்பமா?" என்று கேட்டேன்.

"வேணாம். அது கிடக்கட்டும்."

திருநாளன்று போர்வை போட்ட மாதா சுரூபத்தைத் தூக்கி வந்தபோது சனம் முகத்தைத்தான் பார்த்தது. நாங்கள் இரண்டு பேரும் ஓரத்தைப் பார்த்தோம். கோணல் எங்கே முடிகிறது என்று எங்களுக்குத் தெரியும். அக்காவின் இடுப்பில் என் மகள் இருந்தாள்.

சுரூபம் எங்களுக்கு முன்னால் வந்ததும் அவள் நிமிர்ந்து மாதாவின் முகத்தைப் பார்த்து, "பாதி என்ட வேலை," என்றாள்.