வலை நுழையாத கதவு

புயலில் எங்கள் ஓட்டு வீடு விழுந்த அன்று நைனா தூக்கிக்கொண்டு ஓடியது வலையை மட்டும்தான். மற்றதெல்லாம் பழவேற்காடு ஏரியோடு போயிற்று. வீட்டில் நானும் அவரும் மட்டும்தான்.

நான் அப்போது பொன்னேரிப் பக்கம் ஒரு ஷெட்டில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டரில் வீட்டை வரைந்து கொடுத்தால் மெஷின் பிளைவுட்டை அளவாக அறுத்துத் தரும். ஆணியே வேண்டாம், பலகைக்குள் பலகையைக் கோத்து மர ஆப்பு அடித்தால் ஒரே நாளில் வீடு நிற்கும். வீடிழந்த எங்கள் குப்பத்துக்கு அப்படிப் பன்னிரண்டு வீடுகள். வரைந்தவள் நான். பெருமையில் தலைகால் புரியவில்லை எனக்கு.

வீடு உறுதியாக நிற்கட்டும் என்று கதவைக் குறுக்கினேன். ஆள் நுழைந்தால் போதாதா? மீன்காரன் மகள், வலையை மறந்துபோனேன். மடித்த வலையைக் கம்பில் போட்டு இரண்டு பேர் தூக்கிவந்தால் கட்டில் அகலத்துக்கு உப்பி நிற்கும். பிரித்துக் கொண்டுபோனாலோ சிக்கெடுக்கவே ஒரு பகல் போய்விடும்.

"ஏம்மே, அந்தக் கதவோரப் பலகைய கழட்டி உட்டா வலை உள்ள பூந்துடும்ல?" என்றார் நைனா.

"கழட்டக் கூடாதுனு சொல்றேன்ல? வூடு மனுஷனுக்கா, வலைக்கா நைனா?"

எரிந்து விழுந்தேன். என் டிசைனில் தப்பு என்று ஊர் முன்னால் ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. வறட்டுக் கௌரவம், வேறென்ன. அவர் வெளியே போனார். வலைமேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, எலி கடித்துவிடும் என்று அதன் பக்கத்திலேயே படுத்தார். ஐப்பசி மழை. பார்க்க வந்தவர்கள் வீட்டைப் புகழ்ந்தார்கள். நைனா வெளியே இருமிக்கொண்டிருந்தார். நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கே நாள்.

உடலைக் கொண்டுவந்தபோதும் மழை விடவில்லை. ஐஸ் பெட்டியை உள்ளேதான் வைக்க வேண்டும். கதவில் முட்டியது. தூக்கி வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

சுத்தியலை வாங்கி நானே கதவோரப் பலகையின் ஆப்புகளைத் தட்டினேன். மூன்றே ஆப்பு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வீடு அசையாமல் நின்றது. அடிப்பாவி, இவ்வளவுதானா! அப்போதுதான் எனக்கு அழுகை வெடித்தது.

பெட்டி உள்ளே போனதும், "பலகைய மாட்டிடட்டாம்மா?" என்றார் பெட்டி தூக்கிவந்த சித்தப்பா.

"இரு சித்தப்பா" என்று, தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வலையைக் காட்டினேன். இரண்டு பேர் அதைக் கம்பில் தூக்கி அதே வழியாகக் கொண்டுவந்து நைனாவின் கால்மாட்டில் இறக்கினார்கள். எங்கும் முட்டவில்லை.