மாரிசாமி அடித்துவிட்ட சொல்

மாரிசாமி வெளிநாட்டில் படித்தவன். கப்பல் ஏறியதில்லை, கோட்டு தைத்ததில்லை. ஹனூரில் மாட்டுவண்டி, கொள்ளேகாலில் மோட்டார் பஸ், ஐம்பது மைல் கழித்து மைசூர். 1926-ல் வெளிநாடு போக அவ்வளவு போதும். ஹனூர் கோயமுத்தூர் ஜில்லா, கோயமுத்தூர் சென்னை மாகாணம், மாகாணம் வெள்ளைக்காரனுடையது. மைசூரோ மகாராஜாவுடையது. வழியில் ஏதோ ஒரு புளியமரத்தோடு ஒரு நாடு முடிந்து இன்னொன்று தொடங்கிவிடுகிறது. சொந்த ஜில்லாவிலேயே படிக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் நடுவிலுள்ள மலையையும் காட்டையும் யானையையும் பார்க்காதவர்கள்.

அவன் படிப்பு முழுவதும் ஒரு தர்ம ஹாஸ்டலின் மேல் நின்றது. மைசூரில் அக்ரஹாரத்துக்குப் பின்தெருவில், நஞ்சம்மா என்ற பணக்கார அம்மாள் இறந்துபோன புருஷன் பேரில் கட்டிவைத்தது. சோறும் இடமும் இலவசம். அங்கிருந்து இறக்கிவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஹனூர், அதற்கடுத்த நாள் ஏர்.

விடியற்காலையில் கிணற்றடியில் வரிசை. பிறகு சாமி படத்துக்கு முன்னால் கன்னடப் பாட்டு. அதில் ஒவ்வொரு அடியிலும் கடைசி எழுத்தை மட்டும் மாரிசாமி உரக்கப் பாடுவான். எருமைக்கு விலை பேசும் அளவுக்குக் கன்னடம் அவனிடம் இருந்தது, ரசாயனம் பேசும் அளவுக்கு இல்லை. சாப்பாட்டுக்கு ராகி முத்தெ. ஊரில் அதே களியை அலுத்துக்கொண்டு தின்றவன், இங்கே தட்டில் அதைக் கண்டதும் தெரிந்த முகத்தைக் கண்டதுபோல நிமிர்ந்து உட்காருவான்.

ஆனால் நிம்மதியாக ஒரு கவளம் இறங்கியதில்லை. காரணம், ஜூன் மாதத்தில் அவன் பூர்த்தி செய்த ஒரு பாரம். கன்னடத்தில் அச்சடித்தது. ஒரு வரியில் ‘சுவதேசி, பரதேசி’ என்று போட்டு, பொருந்தாததை அடிக்கச் சொல்லியிருந்தது. மாரிசாமி எழுத்துக் கூட்டிப் படித்தான். பரதேசியா? அவனுக்குத் தெரிந்த பரதேசி காவி கட்டி, ஓடு ஏந்தி வருகிறவன். அப்பன் கெம்பையனுக்கு நாலு ஏக்கர் மானாவாரியும் ஒரு ஜோடி மாடும் இருக்க, இவன் பரதேசியா? மூன்று கோடு போட்டு அடித்தான், காகிதம் கிழிய. கீழே ஹாஸ்டல் குமாஸ்தா ஆழ்வார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, விசாரித்து அறிந்ததாகக் கையெழுத்திட்டார்.

பாரத்தின் கன்னடத்தில் பரதேசி என்றால் வெளிநாட்டுக்காரன் என்றுதான் அர்த்தம் என்பது ஒரு மாதம் கழித்துத் தெரியவந்தது. ஹாஸ்டலில் மகாராஜாவின் பிரஜைகளுக்கு மட்டுமே இடம் என்பதும் அன்றைக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு “எந்த ஊர்?” என்று யாராவது கேட்டால் மாரிசாமி ‘அந்தப் பக்கம்’ என்று கையை நீட்டுவான். நின்ற இடத்துக்குத் தக்கபடி அந்தப் பக்கம் கிழக்காகவும் இருந்தது, தெற்காகவும் இருந்தது.

பிப்ரவரியில் அப்பனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கெம்பையனுக்கு எழுத வராது. எழுதிக் கொடுத்த வாத்தியார் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மழையில்லை, மாடு சௌக்கியம், ‘இப்படிக்கு கெம்பையன், ஹனூர், கொள்ளேகால் தாலூகா, கோயமுத்தூர் ஜில்லா.’ ஹாஸ்டல் சூப்பரின்டெண்ட் லிங்கப்பன் அமல்தார் கச்சேரியில், அதாவது தாலூகா ஆபீசில், முப்பது வருஷம் இருந்து ரிடையரானவர். கார்டு திறந்திருப்பது படிப்பதற்குத்தான் என்ற கொள்கையுடையவர்.

மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு ஆழ்வார் வந்து கூப்பிட்டார். அவர் கையில் வெற்றிலை இல்லை.

“வாடா மாராயா. உங்கப்பா ஒரே கார்டிலே ரெண்டு பேர் தலையிலே கல்லைப் போட்டுட்டார்.”

“உங்களுக்கென்னங்க ஆச்சு?”

“விசாரிச்சு அறிந்தேன்னு கையெழுத்துப் போட்டவன் யாரு? மூணு பொண்ணு இருக்கா எனக்கு. உள்ளே போய் எதையாவது உளறி வைக்காதே.”

மேஜைமேல் பாரமும் கார்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. லிங்கப்பனின் தமிழ் பாதி கன்னடம், கோபத்தில் முக்கால்.

“ஏனப்பா, கோயமுத்தூர் ஜில்லா எப்ப மைசூருக்குள்ள வந்தது? எனக்கு கொத்தே இல்ல, தெரியவே தெரியாது.”

“வர்லீங்க.”

“அப்ப பரதேசி இல்லைன்னு ஏன் அடிச்சே? சுள்ளு தானே?”

“பொய்யில்லீங்க. எங்கூர்ல அந்த வார்த்தைக்குப் பிச்சைக்காரன்னு அர்த்தமுங்க. நாங்க அப்படி இல்லீங்களே.”

“சார், தமிழ்லே அது நெஜந்தான்,” என்றார் ஆழ்வார், கதவுக்கு வெளியே பாதி நின்றபடி.

“நீங்க சும்னிரி. உங்க விஷயம் அப்புறம்.” லிங்கப்பன் பாரத்தை மடித்தார். “பரதேசிக்கு இங்கே ரூம் இல்லை. பெட்டி கட்டு. நாளைக்கு பஸ்.”

பரீட்சைக்கு இருபத்தெட்டு நாள். தலையைத் தொங்கப் போட்டுத் திரும்பிய மாரிசாமியின் கண்ணில் ஜன்னல் பட்டது. வெளியே தாழ்வாரத்தில் மூன்று சாமியார்கள் இலைக்கு முன்னால் காத்திருந்தார்கள்.

“அவங்க யாருங்க?”

“பரதேசிகள். தினம் வருவாங்க.”

“அவங்களுக்கு மட்டும் எப்படிங்க சோறு?”

முப்பது வருஷக் கச்சேரி உத்தியோகம் லிங்கப்பனைப் பீரோவுக்கு நடத்திச் சென்றது. நஞ்சம்மாவின் தர்ம சாசனத்தை எடுத்தார். ஹாஸ்டல் அறை மைசூர்ப் பிரஜைகளுக்கே, பரதேசிக்கு இல்லை. அதற்கு இரண்டு வரி கீழே: ‘வரும் பரதேசிக்கு, வந்த காரியம் முடிந்து புறப்படும்வரை, அன்னமும் தாழ்வாரத்தில் இடமும் மறுக்கலாகாது.’ நஞ்சம்மா ஒரே சொல்லை இரண்டு தரம் போட்டுவிட்டுக் காலமாகிவிட்டார்.

அவர் அந்த வரியை மூன்று முறை படித்தார். கார்டைப் பார்த்தார். பையனைப் பார்த்தார்.

“வந்த காரியம் என்ன?”

“பரீட்சைங்க.”

“ரூம் காலி பண்ணு. புஸ்தகத்தோட தாழ்வாரத்துக்குப் போ. ஆனா உன் கையாலே எழுதணும், நான் பரதேசின்னு. கன்னடத்திலே. இவர் கையெழுத்து அதுக்குக் கீழே.”

ஆழ்வார் கதவுக்கு உள்ளே முழுசாக வந்துவிட்டார்.

மாரிசாமி பேனாவை வாங்கினான். நாலு ஏக்கர் கண்ணுக்குத் தெரிந்தது. மாடு இரண்டும் திரும்பிப் பார்த்தன. மசி நுனியில் உலர்ந்தது. மறுபடி தோய்த்தான். மறுபடி உலர்ந்தது.

“எழுதுடா,” என்றார் ஆழ்வார், மெதுவாக. “அது இவா பாஷையிலே எழுதறது. உங்கப்பா படிக்கப் போறதில்லே.”

“எனக்குத் தெரியுமுங்களே,” என்றான் மாரிசாமி. எழுதினான். பரதேசி என்ற நாலு எழுத்துக்கு மட்டும் நாலு நிமிஷம் ஆயிற்று.

தாழ்வாரத்தில் நாலாவது இலை விழுந்தது. உள்ளே வரிசையிலிருந்த பையன்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒருவன் சிரித்தான். மாரிசாமி இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுப்பிலிருந்து இறங்கிய களி முதலில் தாழ்வாரத்துக்குத்தான் வந்தது, ஆவி பறக்க. பக்கத்து இலைக்காரர் சித்தையன், சிவராத்திரிக்கு மாதேசுவரன் மலைக்கு நடந்துகொண்டிருப்பவர், புதியவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்கே போற, சாமி?”

“பரீட்சைக்குங்க.”

அப்படி ஒரு க்ஷேத்திரத்தை அவர் கேள்விப்பட்டதில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டினார்.

“எத்தனை நாள் நடை?”

“இருபத்தெட்டு,” என்று சொல்லிவிட்டு மாரிசாமி, இடது கையால் ரசாயனப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, களியைக் கிள்ளினான்.