பயம் சொல்கிற முதல் விலை

லாரி புக்கிங் தொழிலில் லோடு பிடிப்பது பாதி வேலை. அனுப்பிய லாரி போய்ச் சேர்ந்ததா என்று தெரியும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மீதிப் பாதி.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிய எழுபதுகளில், ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு அந்தத் தொழிலைச் செய்தேன். மூட்டை தூக்கி மேலே வந்தவன். படிப்பு கம்மி, குரல் ஜாஸ்தி. யார் என்ன வாடகை சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் பேச ஆரம்பிப்பேன். ஆனால் ஒரு லாரி ஒரு மணி நேரம் தாமதம் என்றால் போதும், என் மனசு குடும்பத்தையே நடுத்தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பஸ் லேட்டானால் விபத்து, தலை வலித்தால் மூளையில் கட்டி என்று முடிவு கட்டுகிற ஆசாமியா நீங்கள்? பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே லாரியில் ஏறியவர்கள்.

செத்தவன் இட்லி தின்றது

கோவிந்தன் சொந்த லாரி ஓட்டுபவன். நெல்லூரில் லோடு இறக்கிவிட்டுக் காலை எட்டு மணிக்குள் திரும்ப வேண்டும். பத்து மணிக்கு இங்கே அடுத்த லோடு. எட்டரைக்கு, பஞ்சராக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்பதுக்கு லாரி ஏரியில் கவிழ்ந்தது. பத்துக்குக் கோவிந்தன் செத்துப்போனான். பத்தரைக்குப் போலீஸ் என் கையில் விலங்கு மாட்டியது. எல்லாம் கொட்டகையில் உட்கார்ந்தபடியே.

பஸ் பிடித்து, ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்ட்டில் போய் இறங்கினேன். கண்ணுக்கெட்டிய தூரம் லாரி வரிசை. நடுவில் கோவிந்தனுடையது. அதன் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். வந்த கோபத்தில் அவன் பரம்பரையையே இழுத்துக் கத்தினேன். மற்ற டிரைவர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கோவிந்தன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"இன்னா நைனா, நான் சாவலன்னு உனுக்கு இவ்ளோ கோவமா? இன்னொரு தபா நாலு பேர் எதிர்ல இப்டி கத்துனே, உன் லோடும் வாணாம், உன் சங்காத்தமும் வாணாம்!"

டாக்டரம்மா பேசிய பேரம்

அவன் சொன்னது உள்ளே தைத்துவிட்டது. செக்போஸ்ட் மறிக்காவிட்டால் நேரத்துக்கு வருகிற ஒரே லாரி அவனுடையது. அவன் போனால் கொட்டகையைப் பிரித்துவிட வேண்டியதுதான். அந்தக் கவலையில் நெஞ்சு படபடவென்று அடிக்க, திருவள்ளூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். இதயம் இரும்பு மாதிரி இருக்கிறது என்றார். பிறகு செக்போஸ்ட் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, மருந்துச் சீட்டில் மருந்துக்குப் பதில் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தார். நீ கண்ணால் பார்த்தாயா? வேறு காரணம் இருக்கலாமா? அப்படியே நடந்துவிட்டாலும் அடுத்து என்ன செய்வாய்?

"இது இன்னாம்மா வைத்தியம்?" என்று எகிறினேன். அவர் அசரவில்லை. லாரிக்காரன் இருநூறு கேட்டால் என்ன செய்வீர்கள் என்றார். நூறில் ஆரம்பிப்பேன் என்றேன், மார்தட்டி.

"அப்படியா? அப்போ பயம் சொல்ற விலையை மட்டும் ஏன் ஒரு பைசா குறைக்காம குடுத்துட்டு வர்றீங்க?"

சாத்திய கதவு

ஒரு திங்கட்கிழமை, வழக்கமாக லோடு கொடுக்கும் தொழிற்சாலைக்குப் போனேன். மேனேஜர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். வேறு புரோக்கரைப் பிடித்துவிட்டார், ஆயிற்று, நம் பிழைப்பு போயிற்று! கேட்டை உதைக்கக் காலைத் தூக்கியவன், சட்டைப்பையில் இருந்த சீட்டை எடுத்தேன். பார்த்தது எது? கதவு மட்டும்தான். வேறு காரணம்? வேலை இருக்கலாம், வீட்டில் சண்டை இருக்கலாம். பயம் சுலபத்தில் இறங்கவில்லை. 'பிழைப்பே போச்சு' என்பதிலிருந்து 'என்மேல் ஏதோ வருத்தம்' என்பதுவரைதான் இறங்கியது. பரவாயில்லை, பாதி விலை.

வெளியே ஒரு கல்லில் அரைமணி உட்கார்ந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சமாசாரம் என்று புரியும். கடைசியில் மேனேஜரே வெளியே வந்தார். கன்னம் பன்ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது.

"பல்லைப் புடுங்கிட்டு வந்திருக்கேன்யா. உன்கிட்ட பேசினா நானும் கத்தணும். இன்னைக்கு அதுக்கு வாய் இல்ல, அதான் கதவைச் சாத்தினேன்."

மூன்றாவது கேள்வி

தினமும் ஜெயித்தேன் என்று சொன்னால் பொய். ஒரு நாள் ஆத்திரத்தில் அந்தச் சீட்டையே கிழித்துப் போட்டேன். சாயந்திரம் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன்.

ஒட்டிய சீட்டுக்கு ஒரு காலையில் வேலை வந்தது. பழவேற்காட்டிலிருந்து கோவிந்தன் இறால் கூடைகளை ஐஸ் போட்டு மெட்ராஸுக்கு ஏற்றிப் போயிருந்தான். பொன்னேரியிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, "உங்க கோவிந்தன் வண்டி பொன்னேரி கிட்ட நின்னுகினு கீது. ஆக்ஸில் ஒடஞ்சி பூட்ச்சாம்" என்று கத்திவிட்டுப் போனார். சீட்டை எடுத்தேன். பார்த்தாயா? இல்லை. ஆனால் நிற்கிறது என்றுதானே சொன்னார். கவிழ்ந்தது என்று சொல்லவில்லையே. அடுத்து என்ன செய்வாய்? அதுவரை நான் எட்டியே பார்க்காத கேள்வி அது. நிமிர்ந்தால், எதிரே டீக்கடையில் ஒரு காலி லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர் கேட்ட வாடகைக்கு அப்படியே தலையாட்டினேன். அன்றைய பேரத்தையெல்லாம் பயத்தோடு பேசித் தீர்த்திருந்தேன்.

அந்த லாரியிலேயே போய் இறங்கினேன். கோவிந்தன் கையைக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தான். சுற்றிலும் நாலு பேர் இல்லை, நாற்பது பேர். வசவு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது எனக்கு. "டேய்..." என்று ஆரம்பித்தும்விட்டேன். கூட்டம் நெருங்கியது. அவன் தாடை இறுகியது.

"டேய்... நாஷ்டா துன்னியா?" என்றேன்.

அவன் போய் லாரியின் பின்கதவைத் திறந்தான். இரண்டு பேருமாகக் கூடைகளை மாற்றி ஏற்றினோம். இரண்டு கூடை கெட்டது. மற்றது எல்லாம் ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர்ந்தது. கடைசிக் கூடையைத் தூக்கி வைத்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"நீ கத்துவேன்னு காலைலேர்ந்து பதில் ரெடி பண்ணி வச்சினு இருந்தேன் நைனா, எல்லாம் வேஸ்ட்டா பூட்ச்சி. செரி, ஆக்ஸில் மாத்திட்டு நாளான்னிக்கி வரேன், லோடு புட்ச்சி வையி."

பயம் இன்றைக்கும் தவறாமல் வந்து பெரிய விலையாகத்தான் சொல்கிறது. நான்தான் முன்பு மாதிரி முதல் விலைக்குத் தலையாட்டுவதில்லை.