இரண்டு தடவை அழுத்தினால் போதும்

கெலமங்கலத்துக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே, தக்காளித் தோட்டங்களைத் தாண்டிப் போனால் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. அதன் ரேடியோ அறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னை ‘ஏர்போர்ட்டில் இருக்கிறாள்’ என்று அறிமுகப்படுத்துவார்கள். நானும் திருத்துவதில்லை. உண்மையில் அது இரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு மேசை, ஒரு மைக், காற்றின் வேகம் காட்டும் கருவி, வெயில் காலம் பார்த்துப் படுத்துக்கொள்ளும் ஒரு ஏசி. பெங்களூரில் இறங்கும் பெரிய விமானங்கள் எங்கள் தலைக்கு மேலே போகும்; அவற்றுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எங்களுடையவை ஆசிரியரும் மாணவரும் அருகருகே உட்காரும் சின்ன விமானங்கள். காலையில் கிளம்பி, மலைப்பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடும்.

விமானத்தில் இருப்பவரோடு பேசுவதற்கு ஒரு சட்டம் உண்டு. நான் சொன்னதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அந்த நொடியே பிடித்துத் திருத்த வேண்டும். திருப்பிச் சொல்லவே இல்லையென்றால் அவர் காதில் விழவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். உரிமத் தேர்வுக்கு நான் படித்த முதல் பக்கத்தில் இது இருந்தது. ஆனால் புத்தகத்தில் இல்லாத வழக்கம் ஒன்றும் உண்டு. முக்கியமில்லாத விஷயமென்றால் விமானிகள் வாயைத் திறக்காமல் மைக் பட்டனை இரண்டு தடவை அழுத்திவிடுவார்கள். எங்கள் ஒலிபெருக்கியில் கிர்க், கிர்க் என்று கேட்கும். புரிந்தது என்று அர்த்தம். கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்வார்கள்.

ஓடுபாதையைக் காவல் காக்க ஒரு மஞ்சள் ஜீப் இருந்தது. அதை ஓட்டியவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டோம். கெலமங்கலத்துக்காரர். அவர் குடும்பத்துக்கு ஆட்டு வியாபாரம். தளிப் பக்கத்துச் சந்தைகளெல்லாம் அலைந்தவர் என்பதால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேரம் பேசுவார், மூன்றிலும் சண்டை போடுவார். வேலியைத் தாண்டி உள்ளே வரும் ஆட்டைப் பார்த்ததும் அது எந்த வீட்டு ஆடு என்று சொல்லிவிடுவார். அதைவிட முக்கியமான ஒன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஹாரன் அடித்தால் ஆடு ஓடுபாதையை விட்டு இறங்காது, அதன் மேலேயே நேராக ஓடும். கீழே இறங்கி நடந்துபோய், முன்னால் போகிற ஆட்டை மட்டும் திருப்பினால் மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். அவருக்கு முன்னால் இருந்த டிரைவர்கள் யாருக்கும் இது தெரியாது. அவர்கள் காலத்தில் ஒரு விமானம் மேலே சுற்றிக்கொண்டே இருக்க, கீழே ஜீப்பும் ஆடுகளும் பந்தயம் ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

ரேடியோவில்தான் பாய் தடுமாறினார். ஜீப்பில் இருந்த கைக்கருவியும் விமானங்களும் ஒரே அலைவரிசை. ஓடுபாதையை விட்டு வெளியேறியதும் அதை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அவர் சொன்ன விதத்தைக் கேட்டு மேலே பறந்துகொண்டிருந்த ஒரு மாணவன் அதே மாதிரி இழுத்துப் பேசிக் காட்டினான். இரண்டு மூன்று சிரிப்புகள் கேட்டன. நான் மைக்கை எடுத்து அவனை நன்றாகத் திட்டிவிட்டேன். அடுத்த சில நாளில் பாயிடம், “நீங்க பேச வேணாம் பாய். ரெண்டு தடவ அழுத்தினா போதும், நான் புரிஞ்சிக்கிறேன்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். அன்று முதல் நாலு வருடம் ஜீப்பிலிருந்து குரல் வரவில்லை, கிர்க் கிர்க் மட்டும்தான் வந்தது. ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமை.

போன வருடம் தை மாதத்தில் ஒரு காலை. எங்கள் ஓடுபாதையின் நடுவில் சின்ன மேடு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் மேற்குக் கோடி என் அறையிலிருந்து தெரியாது. அங்கே ஆடு நுழைந்துவிட்டது என்று பாய் ஜீப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அந்த நேரம் ஒரு விமானம் இறங்க வந்தது. ஓட்டியவர் மூத்த ஆசிரியர், பக்கத்தில் மாணவர். மேற்கிலிருந்து கிழக்கே பார்த்து இறங்க வேண்டும், அதாவது சூரியனுக்கு நேராக. நான் அவருக்குக் காற்று நிலவரம் சொன்னேன். அவர் பதில் சொல்லும்வரை நிற்கவில்லை. கையோடு ஜீப்பைக் கூப்பிட்டு, விமானம் வருகிறது, உடனே வெளியேறு என்று சொன்னேன். கிர்க், கிர்க். நான் மனசுக்குள் ஜீப் ஓடுபாதை ஓரத்து மண் பாதையில் இறங்குவதற்கு ஆகும் நேரத்தை எண்ணினேன். பிறகு விமானத்துக்கு இறங்க அனுமதி கொடுத்தேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்ஜின் திடீரென்று அலறியது. இறங்குகிற விமானம் அப்படிச் சத்தம் போடாது. அடுத்த கணம் அது மேட்டுக்கு மேலே மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பி வந்தது. ரேடியோவில் ஆசிரியரின் குரல் உயரவில்லை, ஆனால் நடுங்கியது. ஜீப் ஓடுபாதையிலேயே நிற்கிறது, கீழே ஒரு ஆள் படுத்திருக்கிறார் என்றார். பாய், பாய் என்று மைக்கில் கத்தினேன். சட்டப்படி அப்படிக் கூப்பிடக் கூடாது. எதிர்ப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

கால் மணி நேரத்தில் பாய் படியேறி வந்தார். சட்டையெல்லாம் மண். விமானத்தின் சக்கரம் தலைக்கு மேலே போனபோது குப்புற விழுந்திருக்கிறார், வேறு காயம் இல்லை. ரேடியோ கைக்கருவியை ஜீப் சீட்டிலேயே வைத்துவிட்டு ஆட்டைத் திருப்பக் கீழே இறங்கி நடந்ததாகச் சொன்னார். நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவே இல்லை. பட்டனை அவர் தொடவே இல்லை.

அப்படியென்றால் அழுத்தியது யார்? பதிவை ஓட்டிக் கேட்டபோது எனக்கே விளங்கியது. நான் சொன்ன காற்று நிலவரத்துக்கு ஆசிரியரிடமிருந்து வேறு பதிலே பதிவில் இல்லை; அவர்தான் தாமதமாக இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார். அதற்குள் நான் ஜீப்பைக் கூப்பிட்டு முடித்திருந்தேன். பட்டன் சத்தத்தில் குரல் கிடையாது. வானத்திலிருந்து வந்ததை ஓடுபாதையிலிருந்து வந்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மேலாளர் அறையில் விசாரணை. ஆசிரியர், தான் அழுத்தியிருக்கலாம், பழக்கத்தில் அழுத்துவதுதான், நினைவில்லை என்றார். மேலாளர் பாயைப் பார்த்து, மேடம் வெளியேறச் சொன்னது உனக்குக் கேட்டதா என்று கேட்டார்.

“கேட்டுச்சு சார்” என்றார் பாய். “நான்தான் அழுத்தினன். ஆடு போவட்டும்னு வண்டிய எடுக்காம இருந்துட்டன்.”

வாயைத் திறந்து, இது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் உரிமம் போய்விடும், இந்த வயதில் வேறு வேலை கிடைக்காது என்றெல்லாம் அந்த அரை நிமிடத்தில் என் புத்தி கணக்குப் போட்டது. மேலாளருக்கும் வேலை சுலபமாகிவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்காத டிரைவர், அவ்வளவுதான். இறுதி முடிவு வரும்வரை வீட்டில் இரு என்று பாயை அனுப்பினார். மூன்று நாளில் என் அறிக்கையைக் கொடுக்கச் சொன்னார். அதை வைத்துத்தான் அவரை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவாகும். எங்கள் இடத்தில் இந்த மாதிரி அறிக்கைகளை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். எல்லோரும் படித்துத் திருந்த வேண்டும் என்பதற்காக.

இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கெலமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனார். மகளுக்கு ஓசூரில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் இன்னும் வரவில்லை. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று தியாகியாகிவிட்டீர்களா என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்காக இல்லிங்க மேடம். நான் அழுத்தலன்னு சொன்னா, அப்ப யார் அழுத்தினதுன்னு நோண்டுவாங்க, எல்லாரும் வாயால சொல்றப்ப நீ ஏன் பட்டன் அழுத்துறன்னு கேப்பாங்க. அவனுக்குப் பேச வராதுன்னு எழுதி போர்டுல ஒட்டுவாங்க. எம் பொண்ணு கம்பெனில அவ லைன்ல வேல செய்ற புள்ளைங்க கிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்குது, எங்க அத்தா பைலட்டுங்க கூட ரேடியோல பேசுறாருன்னு. அந்தப் புள்ளைங்களோட அண்ணன் தம்பிங்க ரெண்டு பேரு நம்ம கேன்டீன்லதான் வேல செய்றாங்க, போர்டைப் படிப்பாங்க.” டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “சொன்னத கேக்கலன்னு வேல போனா போவட்டும் மேடம். அதுல வெக்கம் இல்ல. எனக்குப் பேச வராதுங்கறத மட்டும் எழுதிடாதீங்க.”

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டிய நேரத்தில் வேலையை விடத் தயாராக இருக்கிறார், ஒரு வாக்கியத்துக்காக. சரி பாய் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். அழுத்தியது பாய் இல்லை, பதிவின் நேரத்தையும் ஜீப் நின்ற இடத்தையும் பார்த்தால் அது தெரியும், அனுமதி கொடுத்த தப்பு என்னுடையது என்று எழுதினேன். அதுவரை சுலபம். பட்டன் வழக்கம் ஏன் வந்தது என்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பேச வராது என்பதை எழுதக் கூடாது. அதனால் ஒரு பொய்க் காரணம் தேடினேன். பழியை என் மேல் போட்டுக்கொள்வது என்று முடிவுசெய்து இப்படி எழுதினேன்: ‘ஜீப் ஓட்டுநர் முழு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு நீளமாகப் பட்டது. காத்திருக்கப் பிடிக்காமல், பட்டனை அழுத்தினால் போதும் என்று நானே சொல்லிவிட்டேன்.’

எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்த முதல் வாரம் எனக்கு ஒவ்வொரு நாளாக ஞாபகம் வந்தது. மாணவன் கிண்டல் செய்தது இரண்டாம் நாள். நான் திட்டிய பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆறாம் நாள் பாய் அந்த வாக்கியத்தை ஒரு பிழையில்லாமல் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, ஆனால் முழுசாகச் சொன்னார். அன்று இரண்டு விமானங்கள் மேலே காத்திருந்தன. நான் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம்தான் பட்டன் போதும் என்று சொன்னது. அவர் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அல்ல; எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

பொய் என்று நினைத்து எழுதியதை அப்படியே விட்டேன். கீழே, ‘நான் அப்படிச் சொன்ன அன்று ஓட்டுநர் வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொன்னார்’ என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

பாயை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். என்னை இரண்டு மாதம் மைக்கைத் தொடக் கூடாது, மறுபடி தேர்வு எழுத வேண்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். அது நியாயம்தான். அதற்கு முன் கடைசி நாள் என் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது பாய் படியேறி வந்தார். பலகையில் ஒட்டியிருந்ததைப் படித்திருக்கிறார். உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றார்.

“அன்னிக்கு நான் பேசினது சரியா இருந்துச்சா மேடம்?”

“சரியாத்தான் இருந்துச்சு பாய். எனக்குத்தான் அவசரம். மன்னிச்சிடுங்க.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கண்ணாடி வழியாக ஓடுபாதையைப் பார்த்தார்.

“நாலு வருசம் எனக்குப் பேச வராதுன்னே இருந்துட்டன் மேடம்” என்றார். பிறகு படியிறங்கிப் போனார்.