அக்காவை அழைக்க ஒரு வக்கீல் நோட்டீஸ்

இறந்தவர்களின் சொத்துக்கு நிர்வாகியாக இருப்பதில் ஒரு நிம்மதி உண்டு: சொத்துக்காரர் குறுக்கே பேசமாட்டார். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் வாரிசுகள் பேசிவிடுவார்கள். உயில் எழுதாத தகப்பனும் விட்டுக்கொடுக்காத உடன்பிறப்பும் வாய்த்த வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது பூட்டு

கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்த பெரியவர் உயில் எழுதாமல் காலமானார். மகள் ரேவதி பவானியில் வாழ்க்கைப்பட்டவர். மகன் கார்த்தி இளையவர், கல்யாணமாகாதவர், பட்டறையை நடத்துபவர். வீடு யாருக்கு என்று வழக்கு. இருவரும் வாசலில் ஆளுக்கொரு பூட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். தீர்ப்பு வரும்வரை வீட்டைப் பாதுகாக்க, வக்கீலான என்னை நீதிமன்றம் நிர்வாகியாக நியமித்தது. இரண்டு பூட்டையும் எடுக்கச் சொல்லி, என் பூட்டைப் போட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாள், "ஏனுங்க, நீங்க பெரியவருக்கு என்ன மொறைங்க?" என்றார். எந்த உறவும் இல்லை, அதுதான் என் தகுதி என்று சட்டப்படி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப எளவுக்குக்கூட வராத ஆளுகிட்டத்தானுங்களா சாவி?"

ஜமக்காளம், ஒன்று

அடுத்தது பொருள்களைப் பட்டியலிடும் வேலை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஜமக்காளம் ஒன்று, பழையது" என்று எழுதினேன். ரேவதி குறுக்கிட்டார்: "பழசுன்னு எழுதாதீங்க சார். எங்கப்பாவுக்குன்னு பவானில சொல்லி நெய்ஞ்சு எடுத்துட்டு வந்தது."

"பழையது" என்பதை அடித்தேன். கார்த்தி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்படீன்னா நாய் படுத்ததுன்னு எழுதிக்குங்க சார்."

மூன்று மேற்படிகள்

சில மாதங்களில் கார்த்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையையும் உடன்பிறந்தவளையும் ஒரு சேலையால் இணைத்து உட்கார வைக்கும் சடங்கு. புதிதாக ஒருத்தி வந்தாலும் இந்த வீட்டில் இவளுக்கு உரிமை உண்டு என்று ஊரறியச் சொல்வது. என்னிடம் வந்தார் கார்த்தி. "மண்டபத்துல வெச்சுக்கலாங்கறாங்க. பெரியப்பா மக உக்காரறேங்கறா. எனக்கு எங்க ஊட்லதானுங்க, எங்கக்காதானுங்க."

வீட்டைத் திறக்க நீதிமன்ற அனுமதியும் ரேவதியின் சம்மதமும் வேண்டும் என்றேன். எதிர்த்தரப்போடு நேரில் பேசக்கூடாது என்று கார்த்தியின் வக்கீல் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். ஆகவே அந்த வக்கீலிடமிருந்து ரேவதிக்கு நோட்டீஸ் போனது: "மேற்படி வாதி, மேற்படி மணமகனின் அக்கா என்ற வகையில், மேற்படி சடங்கில் அமர ஆட்சேபணை ஏதும் உண்டா எனத் தெரிவிக்கவும்." எனக்கும் ஒரு நகல் வந்தது. மேற்படிகள் சற்று அதிகம் என்பதைத் தவிர, குறையொன்றும் தெரியவில்லை.

ரேவதி எனக்குத்தான் போன் செய்தார். "நோட்டீசு உட்டுங்களா அக்காளைக் கூப்புடறது? வெத்தலை பாக்கோட ஊட்டுக்கு வந்து கூப்புடச் சொல்லுங்க. இல்லீன்னா பெரியப்பா மகளையே உக்கார வெச்சுக்கச் சொல்லுங்க."

பவானி போய் வந்தது

கார்த்தி தட்டோடு பவானிக்குப் போனார். வக்கீலுக்குச் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் சம்மதக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கேசைப் பத்திப் பேச்சே இல்லீங்க சார். எளச்சுப் போயிட்டேன்னுதான் திட்டுனாங்க."

சேலையின் இரண்டு முனைகள்

நீதிமன்றம் ஒரு நாள் அனுமதி தந்தது. பூட்டைத் திறந்தேன். உட்கார எதை விரிப்பது என்று யாரோ கேட்க, ரேவதி என்னைப் பார்த்தார். பட்டியலில் உள்ள பொருள், என் பொறுப்பில் உள்ள பொருள். ஆகவே ஜமக்காளத்தை நானே விரித்தேன். வீட்டில் தனக்குப் பங்கு உண்டு என்று வழக்குப் போட்டவரும், இல்லை என்று எதிர்வழக்காடியவரும் சேலையின் ஆளுக்கொரு முனையோடு அதன்மேல் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு இந்த வீட்டில் உரிமை உண்டு என்று சுற்றியிருந்த சொந்தமெல்லாம் சாட்சி நின்றது. கார்த்தியின் வக்கீல் அங்கே இருந்திருந்தால் ஆட்சேபித்திருப்பார்.

சொந்தங்கள் கிளம்பியபின் பூட்டினேன். ரேவதி, "அடுத்த வாய்தா எப்பங்க சார்?" என்றார். வரும் புதன் என்றேன். கார்த்தி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீ பஸ்ஸுல வந்து சீரழியாதக்கா. நான் வந்து கூட்டிட்டு வாரேன்."

இப்போது வாதியும் பிரதிவாதியும் ஒரே காரில் வந்து, நீதிபதி முன் எதிரெதிரே நின்றுவிட்டு, ஒரே காரில் திரும்புகிறார்கள். வீட்டுச் சாவியை வைத்திருக்கும் நான்தான் பஸ்ஸில் போகிறேன்.