பாலத்துக்கு மேலே ஒரு பாவாடை

அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சாப்பிடும்போதே காலால் செருப்பைத் துழாவுவார். பத்திரிகையில் பதினோரு வருஷம் படம் எடுத்தும் முன்வரிசையில் முண்டியடிப்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. "ஒரே மூஞ்சியை எடுக்க எதுக்குய்யா ஏழு கேமரா?"

ஒருநாள் மாடியில் துணி உலர்த்தும் கம்பை உருவி, நுனியில் பழைய பெட்டிக் கேமராவைக் கட்டினார். சைக்கிள் பிரேக் கம்பியைக் கீழிருந்து இழுத்தால் மேலே படம் விழும். ஒவ்வொரு படத்துக்கும் இறக்கி, ஃபிலிமைச் சுற்றி, மறுபடி தூக்க வேண்டும். அலுவலகத்தில் அவருக்குக் 'கம்பு' என்றே பெயராகிவிட்டது.

"போன தடவை மந்திரி வழுக்கை. அதுக்கு முந்தி வெறும் பந்தல். பாலம் திறப்பையும் சொதப்பினா, கம்போட வீட்டுக்குப் போயிடு" என்றார் ஆசிரியர்.

விழாவன்று காலை மாடியில் ஒருமுறை கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு ஓடினார். "சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க" என்று மனைவி சொன்னது படியோடு நின்றுவிட்டது.

விழாவில் ஒரு படம்தான் எடுக்க முடிந்தது. போலீஸ்காரர் கம்பைப் பிடுங்கி, கூட்டம் கலைந்த பிறகே கொடுத்தார்.

இருட்டறைத் தட்டில் படம் மெல்லத் தெளிந்தது. மந்திரி ரிப்பன் வெட்டுகிறார். அவர் தலைக்கு மேல், மாடிக் கைப்பிடிச் சுவரில் காயும் மனைவியின் பாவாடை. காலையில் சோதித்தவர் ஃபிலிமைச் சுற்ற மறந்திருந்தார். படத்தின் மேலேயே படம் விழுந்திருந்தது.

மணி மூன்று. ஐந்துக்குப் பக்கம் முடியும். மறுபடி பாலத்துக்கு ஓடினார்.

அங்கே மந்திரி வரிசை வெல்வெட் நாற்காலிகளில் பாலம் கட்டிய தொழிலாளர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வெட்டிய ரிப்பனைத் தலையில் கட்டியபடி தூங்கினார். இவர் ஃபிலிமைச் சுற்றினார். சுற்றியாயிற்றா என்று இன்னொரு முறை பார்த்தார். கம்பைத் தூக்கினார்.

"என்னண்ணே, வானத்துக்கு ஒட்டடை அடிக்கிறீங்களா?" என்றாள் சித்தாள் ஒருத்தி. அத்தனை பேரும் அண்ணாந்து சிரித்தார்கள். கம்பியை இழுத்தார்.

ஆசிரியர் ஈரப் படத்தை நுனியில் பிடித்துப் பார்த்தார்.

"மந்திரி எங்கே?"

"கிளம்பிட்டாரு."

"இவங்க?"

"கட்டினவங்க."

"முதல் பக்கத்துல போடு. நாளைக்கு மந்திரி ஆபீஸ்லேருந்து போன் வந்தா நீதான் எடுக்கணும்."

மறுநாள் எட்டு மணிக்கே அலுவலகப் போன் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பேச்சுக்கு, நாற்காலிதான் பாவம். பதினொன்றுக்கு மணி அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். கடைப் போனிலிருந்து மனைவி.

"துணியெல்லாம் பக்கெட்டிலேயே கிடக்கு. கம்பு எப்ப வரும்?"