கொப்பைப் பிடிக்கும் கை

இங்கே ஒரு கொப்பு வெட்டுவதற்காக நான் உடுத்தி முடிப்பதற்குள், ஊரில் ஒரு பக்க வேலியையே வெட்டி முடித்துவிடலாம். முதலில் தடித்த காற்சட்டை. அதன் உள்ளே நூல் நூலாக அடைத்து வைத்திருக்கிறார்கள். மரம் அறுக்கும் சங்கிலிவாள் தவறித் தொடையில் பட்டால் அந்த நூல் போய்ச் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்த வேண்டும் என்பதற்காக. பிறகு இரும்பு முனை வைத்த சப்பாத்து, கையுறை, தலைக்கவசம், அதிலிருந்து முகத்துக்கு இறங்கும் வலை, காதுக்கு மூடி. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு நான் கையில் எடுப்பது ஒரு சாண் அலகு உள்ள சின்னப் பற்றரி வாள். உரித்த தேங்காய் மூன்றின் பாரம் இருக்கும். நாயோடு உலாத்தப் போகிறவர்கள் "மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்லிக்கொண்டு கடந்து போகிறார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வருவதில்லை. எனக்குத்தான், எங்கள் ஊர் சரவணையில் யாரோ வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "என்ன, சண்டைக்கோ போறீர்?" என்று கேட்பதுபோல இன்னும் இருக்கிறது.

நான் ஜேர்மனியில் ஒரு சிறிய நகரத்தின் பூங்காக்களில் தோட்டவேலை பழகுகிறேன். இதற்கு இங்கே 'அவுஸ்பில்டுங்' என்று பெயர். கிழமையில் சில நாள் வேலை, சில நாள் வகுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் மற்றவர்களின் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். படித்து வெளிநாடு போன பிள்ளை அங்கேயும் மரம்தான் வெட்டுகிறான் என்பதை அம்மா ஊரில் விரித்துச் சொல்வதில்லை. "பூங்காவில உத்தியோகம்" என்பதோடு நிறுத்திவிடுவார்.

வாள் பழகத் தொடங்கிய முதற் கிழமையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். குளக்கரையில் தாழ்ந்து வளர்ந்திருந்த ஒரு கொப்பு. வலக்கையில் வாள். அலகு மரத்தில் பட்டதும் என் இடக்கை தானாகப் போய்க் கொப்பைப் பிடித்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. எங்கள் குழுவுக்குப் பொறுப்பான கெர்டா, ஒருபோதும் குரல் உயர்த்தாதவர், அன்றைக்குக் கத்தினார்: "பைடெ ஹெண்டே!" இரண்டு கையும் வாளில் என்று அர்த்தம். கிட்ட வந்து வாளை வாங்கி, பற்றரியைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு ஏன் கொப்பைப் பிடித்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் உண்மையைச் சொன்னேன்: "பக்கத்து வீட்டுக்காரர்."

கெர்டா சுற்றிப் பார்த்தார். குளம், வாத்துகள், உட்கார ஆளில்லாத ஒரு வாங்கு. "எந்தப் பக்கத்து வீடு?" என்றார். கூட நின்ற பெடியன்கள் சிரித்தார்கள். பின்னேரம் வேலை முடிந்து போகும்போது கெர்டா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நான் இருக்கும் தொடர்மாடியில் யாராவது தொந்தரவு தருகிறார்களா, தயங்காமல் சொல் என்று கேட்டார். இல்லை, எல்லாரும் நல்லவர்கள் என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வளவுகளுக்கு மதில் இல்லை; கதியால் வேலிதான். பூவரசு, கிளுவைத் தடிகளை நெருக்கமாக நட்டால் அவை வேர்விட்டுத் தழைத்து நிற்கும். வருடத்துக்கொரு தடவை மேலே வளர்ந்த கொப்புகளை வெட்டவேண்டும். வெட்டுகிற கொப்பின் குழை ஆட்டுக்குத் தீன். வேலி இரண்டு வீட்டுக்கும் பொது. ஆனால் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து ஆட்டுக்குத்தான் குழை. இது எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆனால் மாறி நடந்து நான் கண்டதில்லை. அதனால் கத்தி பிடிக்கிற எல்லாருக்கும் இடக்கை கொப்பில்தான் இருக்கும். வலக்கை வெட்டும், இடக்கை கொப்பைத் தன் வளவுக்குள் வளைத்து இழுக்கும். கொப்பு அங்கால சாய்ந்து பக்கத்து வளவு மாமியின் கத்தரிக்கன்றில் விழுந்தால் குழையும் போச்சு, அவரோடு கதைபேச்சும் போச்சு. நான் பேனை பிடிக்கப் பழகும் முன்னமே என் இடக்கை இதைப் பழகிவிட்டது.

இந்தமுறை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது செல்வியக்காவுக்கு அப்படியான ஒரு சின்ன வாள் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா எனக்கு மூத்தவர். அத்தான் கட்டாரில் வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும் ஒரு பட்டி ஆடும் அக்காவின் கையில். ஊரில் எல்லாருக்கும் வேலி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் மகளோடு இருக்க வவுனியாவுக்குப் போய்விட்டார். வேறு ஆள் கேட்டால், இளம் பெடியன்கள் என்று சொல்ல ஊரில் மிஞ்சியிருப்பவர்கள் கொஞ்சம். அக்காவே கத்தியால் கொத்திக் கொத்தி அவரது வலது மணிக்கட்டு வீங்கி, சோற்றுப்பானையை இரண்டு கையாலும் இறக்கும் நிலைக்கு வந்திருந்தது. வாள் இருந்தால் அந்தக் கை தப்பும் என்று நினைத்தேன். மற்றக் கையைப் பற்றி நான் நினைக்கவில்லை.

பெட்டியைத் திறந்ததும் அக்கா, "உதென்னடா, விளையாட்டுச் சாமானே?" என்று கேட்டார். நான் முற்றத்தில் இருத்தி எல்லாம் காட்டினேன். சங்கிலியில் கை வைக்குமுன் பற்றரியைக் கழற்ற வேண்டும். சங்கிலியை விரலால் இழுத்து விட்டால் திரும்பிப் போய் அலகோடு ஒட்ட வேண்டும், தொங்கக்கூடாது. எண்ணெய் இருக்கிறதா பார்க்க வேண்டும். தோளுக்கு மேலே உயர்த்தி வெட்டக்கூடாது, ஏணியில் நின்று வெட்டவே கூடாது. முதலில் கொப்பின் கீழ்ப்பக்கத்தில் கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். பட்டை உரியாது என்றதும்தான் நிமிர்ந்து, "அப்ப கதியால் பழுதாகாது, நல்லதுதான்" என்றார். கழுத்தில் கிடந்த துவாயை எடுத்து வைக்கச் சொன்னேன். அது சங்கிலியில் சுற்றும். அதையும் செய்தார்.

கெர்டா ஒருநாள் ஒரு பழைய மரத்தை வெட்டுமுன் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, இந்த நாட்டு மரங்களுக்குள் பழைய சண்டைக்கால இரும்பு இருக்கும், சங்கிலி பட்டால் அறுந்து பறக்கும் என்று சொல்லியிருந்தார். எங்கள் மரங்களுக்குள்ளும் இருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அக்காவின் வேலியில் பூவரசுகள் பழைய முள்ளுக்கம்பியை விழுங்கி வளர்ந்திருந்தன. நானும் அக்காவும் ஒவ்வொரு கதியாலாக விரலால் தடவிக் கம்பி உள்ள இடங்களுக்குச் சுண்ணாம்பு பூசினோம். வேலிக்கு அங்கால நின்ற கமலா மாமி, "என்ன தம்பி, வேலிக்குப் பொட்டு வைக்கிறீரோ?" என்றார். அக்காவும் மாமியும் போன வருடம் ஒரு கதியால் தள்ளி நட்ட பிரச்சினையில் கதைபேச்சை விட்டவர்கள். மாமி என்னோடு மட்டும் கதைத்தார்.

பிறகு அக்கா வாளை வாங்கினார். நான் இரண்டு கையும் என்று சொல்லி வாய் மூடவில்லை. அவரது இடக்கை போய்க் கொப்பைப் பிடித்துவிட்டது. என் கை குளக்கரையில் போனதே, அதே மாதிரி. கதியால்கள் ஒரு சாண் இடைவெளியில் நிற்பவை. வாளின் நுனி அடுத்த கதியாலில் முட்டியது. நுனி முட்டினால் சங்கிலி மரத்தைக் கடிக்காது. வாளையே தூக்கி ஆளின் பக்கம் எறியும். வாள் துள்ளி மேலே போய் அக்கா பிடித்திருந்த கொப்பில் கடித்து நின்றது. கடித்த இடத்துக்கும் அவரது பெருவிரலுக்கும் இடையில் இன்னொரு விரல் வைக்கலாம், அவ்வளவுதான்.

அக்கா முதலில் சிரித்தார். "பொல்லாத சாமான்" என்றார். பிறகு வாளை நிலத்தில் வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டின் மேல் போய் இருந்து தன் இடக்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பற்றரியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"ஏன்ரா எடுக்கிறாய்?"

"உங்களுக்கு இது வேண்டாம் அக்கா. நான் திருப்பிக் கொண்டு போறன்."

"கொண்டு போ. நீ போனாப் பிறகு நான் திரும்பவும் கத்தியால கொத்துறன். அந்தக் கை போனால் பரவாயில்லையே உனக்கு?"

"இரண்டு கையாலயும் பிடிக்கச் சொன்னனான் எல்லே?"

"ரெண்டு கையும் வாளிலயெண்டால் கொப்பை ஆர் பிடிக்கிறது? உன்ர ஜேர்மன்காரி வந்து பிடிப்பாளோ?"

கெர்டாவின் பூங்காவில் கொப்பு எங்கே விழுந்தாலும் ஒன்றுதான்; அதனால் அங்கே இரண்டு கை போதும். இங்கே வேலை மூன்று கைக்கு உரியது. கயிறு கட்டிப் பார்த்தோம். கொப்பின் நுனியில் கயிற்றைப் போட்டுக் கிணற்றடித் தூணில் இறுக்கினால், அறுந்த கொப்பு ஊஞ்சல் மாதிரிச் சுழன்று வெட்டுகிற ஆளின் மேலேயே வருகிறது. தள்ளி நின்று, இழுக்க வேண்டிய நேரத்தில் இழுக்க ஓர் ஆள் வேண்டும். நான் நிற்கும் வரைக்கும் நான் பிடிக்கலாம். பிறகு? அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமுடியாது.

இவ்வளவையும் வேலி இடைவெளிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்ற கமலா மாமி, என்னைப் பார்த்து, ஆனால் அக்காவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "கயித்தை இஞ்சால எறியச் சொல்லும். நான் பிடிக்கிறன்."

அக்கா உடனே, "நல்லாயிருக்கே! மாமி பிடிச்சால் கொப்பு மாமியின்ர ஆட்டுக்கு எல்லே போகும்" என்றார், என்னைப் பார்த்துத்தான்.

"அப்ப உங்கால வந்து நிண்டு பிடிக்கிறன். ஒரு கொப்பு அவவுக்கு, ஒரு கொப்பு எனக்கு. என்ர மற்றப் பக்க வேலியையும் அவதான் வெட்டித் தரவேணும். எனக்கும் ஆள் இல்லைத்தானே."

அக்கா கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்தார். பிறகு நேராக வேலியைப் பார்த்து, "படலை திறந்துதான் கிடக்கு மாமி, வாங்கோ" என்றார்.

மிச்சமிருந்த நாட்களில் அவர்கள் இருவரும் பழகினார்கள். கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது, கொப்பு விழும் தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும் என்று மாமிக்குச் சொன்னேன். மாமி கயிற்றைப் பிடித்திருக்கும்வரை அக்காவின் இடக்கைக்குக் கொப்பில் வேலை இல்லை. இருந்தும் முதல் இரண்டு மூன்று கொப்புக்கு அந்தக் கை எழும்பியது. "பிள்ளை, கை!" என்று மாமி அங்கிருந்து கத்துவார். கெர்டாவை விட அவருக்குக் குரல் பெரிது. இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் பற்றரியைக் கழற்றி நானே வைத்துக்கொண்டேன். பயணம் சொல்லிப் படலைக்கு வந்தபோதும் அது என் பைக்குள்தான் இருந்தது. அக்கா இடக்கையை நீட்டினார். ஐந்து விரலும் விரித்து. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். பஸ் வரும் சத்தம் கேட்டது. பற்றரியை அதில் வைத்தேன்.

இங்கே திரும்பி வந்த பிறகு, தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் முதலில் எனக்கு வந்தது அந்தக் கையின் நினைப்புத்தான். போன கிழமை அக்கா ஒரு வீடியோ அனுப்பினார். கைபேசியைக் கிணற்றுக் கட்டில் சாய்த்து வைத்து எடுத்தது. அத்தானின் பழைய ஜீன்ஸ், காலில் சப்பாத்து, தலையில் ஸ்கூட்டிக்குப் போடும் ஹெல்மெட், கண்ணாடி இறக்கியபடி. தூரத்தில் கமலா மாமி சேலையைச் செருகிக்கொண்டு கயிற்றோடு நிற்கிறார். அக்கா கீழிருந்து கொஞ்சம் அறுக்கிறார், பிறகு மேலிருந்து. இரண்டு கையும் வாளில். கொப்பு வளைந்து வந்து வளவுக்குள் விழுகிறது. சங்கிலி நிற்கும்வரை அக்கா அசையவில்லை. பிறகு மாமி கைபேசிக்குக் கிட்ட வந்து குனிந்து சொல்கிறார்: "பாத்தீரோ தம்பி? நீர் வராட்டிலும் வேலி நிக்கும்."

பகிடிக்குத்தான் சொன்னார். நான் அதை மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். பத்து விரலும் இருக்கின்றன என்ற நிம்மதிக்காக முதலில்; பிறகு வேறு எதற்கோ. ஊரில் என் கை நிற்கவேண்டிய இடத்தில் இப்போது ஒரு கயிறு நிற்கிறது. அப்படி நடக்கவேண்டும் என்று கயிற்றைக் கட்டிவிட்டு வந்தவனும் நான்தான்.

நேற்று அதே குளக்கரையில் வேலை. காற்சட்டை, சப்பாத்து, தலைக்கவசம், எல்லாம் போட்டுத்தான். இடக்கை வாளின் முன்பிடியை விட்டு அசையவில்லை. கொப்பு விழுந்தது. சங்கிலி நின்றதைப் பார்த்து, பற்றரியைக் கழற்றிவிட்டு, முகவலையை உயர்த்திக் கொப்பு எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்தேன். இந்தப் பக்கமும் புல், அந்தப் பக்கமும் புல். கெர்டா என்ன தேடுகிறாய் என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரரை என்றேன். அக்காவின் வீடியோவை அவருக்கும் காட்டிக் கதையைச் சொல்லியிருந்தேன்; இம்முறை அவர் சுற்றிப் பார்க்கவில்லை. "சுகமாக இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"ஓம்" என்று என் வாயில் தமிழ்தான் வந்தது.